நாலு மணிப் பாட்டு

நகராட்சி முதியோர் இல்லத்துக்கு என்னை நர்ஸாக மாற்றினார்கள் என்றதும் என் அக்கா, "உன் வாய்க்கு அதுதான் சரியான இடம், பாதிப் பேருக்குக் காது கேக்காது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் போனேன்.

நீளமான ஹால். வரிசையாக இரும்புக் கட்டில்கள். பினாயில் வாசனை, அதற்கு அடியில் பழைய மூத்திர வாசனை. மத்தியானம் ஆனால் ஃபேன் முனகுவதைத் தவிர ஒன்றும் கேட்காது. நாலு மணிக்குப் பாட்டு டீச்சர் வந்தால்தான் ஹாலுக்கு உயிர் வரும். நகராட்சி ஏற்பாடு செய்த அம்மா. கதவோரத்தில் தொடங்கி ஜன்னலோரம் வரை, ஒரு நாளைக்கு ஒரு கட்டில். பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டைப் பாடிக்கொண்டே கட்டில் கம்பியில் மோதிர விரலால் தாளம் தட்டுவார்.

"காதுல ஏறலைன்னா என்ன சிஸ்டர், இரும்பு வழியா எலும்புக்குப் போகும்" என்பார்.

சத்தியமாகப் போகும். பெற்ற பிள்ளையையே மறந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பிசகாமல் பாடுவார்கள். பாட்டு ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார்கள்.

அந்தக் கொஞ்ச நேரம் தவறிவிடக் கூடாதென்று, முறை இல்லாத நாளிலும் தினமும் வருவார் டிரைவர் ஐயா. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி. மற்ற நேரமெல்லாம் அந்த அம்மா அவரைப் பார்த்து, "நீங்க யாருங்க? உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று கேட்பார். தாளம் கம்பியில் விழுந்தால் மட்டும், "அட, ஹாரன்!" என்று கன்னத்தைத் தொடுவார். அது செல்லப் பெயர். கடைசி டிரிப்பில் பஸ் அவர்கள் தெருமுனையைத் தாண்டும்போது இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று ஹாரன் அடிப்பாராம். அந்த அம்மா வாசல் விளக்கைப் போடுவாராம்.

அந்தப் பாட்டில்தான் நகராட்சி கை வைத்தது. "சாகப்போறவங்களுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் கேட்டாராம். நாசமாய்ப் போக! டீச்சர் வாசலில் நின்று கண் கலங்கினார்.

"கடைசியா ஒரு சுத்து பாடிட்டுப் போறேன்னு கெஞ்சினேன், சிஸ்டர். விடல."

அன்றே பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம். நாலு மணி.

டிங்.

கதவோரக் கட்டில் கம்பி. மோதிரம் இரும்பில் படுகிற சத்தம்.

பக்கத்தில் யாருமே இல்லை.

அந்தக் கட்டிலில் இருந்தவர் தையல்காரர். வாதம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் வாய்விட்டுப் பாடினார். மகளுக்குப் போன் போடச் சொல்லி, சிரித்துச் சிரித்துப் பேசினார். விடிந்து பார்த்தால் உடம்பு சில்லிட்டிருந்தது. மறுநாள் அடுத்த கட்டில். பாட்டு, பேச்சு, விடிந்தால் பிணம். அதற்கு மறுநாள் அதற்கடுத்தது.

டீச்சர் கடைசிச் சுற்றைப் பாடிக்கொண்டிருந்தார்.

யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள். மிச்சமிருந்த கட்டில்களின் கம்பியிலெல்லாம் பேண்டேஜைத் தடியாகச் சுற்றினேன். டிரைவர் ஐயா வந்து பார்த்தார்.

"என்ன சிஸ்டரம்மா, கட்டிலுக்கு அடிபட்டுடுச்சா?"

காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு அடங்கிப்போனது.

நாலு மணிக்குத் துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

தும். தும்.

துணி சுற்றிய கட்டில்களில் யாரும் பாடவில்லை, யாரும் சாகவில்லை; தாளம் ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசியாக ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தது. அதன்பின் தினமும் அங்கேயேதான். டீச்சர் போடுகிற மல்லிகை செண்ட் வாசனை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பாதிதான் கேட்கிறது என்று ஐயாவின் மனைவி குழந்தை மாதிரி அழுதார். ஒரு நாள் தானே நகத்தால் பேண்டேஜைப் பிறாண்ட ஆரம்பித்தார்.

ஐயா குனிந்து முடிச்சைத் தேடினார்.

"வேணாம், ஐயா! உயிர் போயிடும்!"

"அவ போயி ரெண்டு வருஷமாச்சும்மா" என்றார். "திரும்பி வர்றேன்னு அவளே கதவைத் தட்டுறா. நான் எப்படிப் பூட்டி வைப்பேன்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

டிங். டிங்.

"அட, ஹாரன்! என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? யாரும் சோறு போடலையா?"

இருட்டும்வரை பேசினார்கள். திட்டினார், சிரித்தார், பாடினார். நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். காலையில் அவரை நான்தான் துடைத்து, வேறு சேலை கட்டிவிட்டேன்.

அதோடு மோதிரச் சத்தம் நின்றது. சுற்று முடிந்துவிட்டது போல. ஐயா மட்டும் நிற்கவில்லை. தினமும் வந்து காலிக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "இனிமே யாருக்காக வர்றீங்க, ஐயா?" என்றேன். "வண்டி வந்தா ஸ்டாப்புல ஆள் இருக்கணுமில்ல?" என்றார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் நகராட்சி லாரி வந்து இரும்புக் கட்டில்களை அள்ளிக்கொண்டு, பிளாஸ்டிக் கம்பி வைத்ததைப் போட்டுவிட்டுப் போனது. அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"இதுல எதும்மா கேக்கும்?"

அவ்வளவு பாவமாக ஒரு மனிதர் நடந்து போய் நான் பார்த்ததில்லை. வெளியே போக இரும்பு கேட்டில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

எனக்கும் கேட்டது. டீச்சர் தாளம் இல்லை.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

ஐயா திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சிஸ்டரம்மா, அவளுக்கு என்னைத் தெரியுது!"

ஓடிப் போய் அந்தக் கையை கேட்டிலிருந்து பிடுங்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. நான் இப்போது பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். நாலு மணியானால் முன்கேட் தட்டுகிறது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

கொஞ்சம் பொறுத்து, மறுபக்கத்திலிருந்து இன்னொரு கை பதில் தட்டுகிறது.