சாக்லெட் டார்ட்டில் மிளகாய்

தூறலில் நனைந்தபடி அவள் மாவு மில்லுக்குள் ஓடி வந்தாள்.

“அண்ணே…” என்று ஆரம்பித்தவள், மில்லுக்காரன் பரிதியின் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். “சீக்கிரம் அரைச்சுத் தாங்க. குத்தாலத்துல வீடு, போகணும்.”

“வரிசை இருக்குல்ல?”

“பாத்திரம்தானே நிக்குது. ஆளைக் காணோமே!”

அவள் இமையில் ஒரு மழைத்துளி… சிமிட்டினால் விழுந்துவிடும். அவள் சிமிட்டவே இல்லை. அவன் பையை வாங்கி அப்படியே மெஷினில் கொட்டினான். மாப்பிள்ளைச் சம்பா, தவிடு போகாத சிவப்பரிசி.

“புட்டுக்கா?”

“சாக்லெட் டார்ட்டுக்கு. மாவுல வெல்லத்தூளும் தேங்காயெண்ணெயும் போட்டுப் பிசைஞ்சு, தட்டுல அப்பி வேகவைக்கணும். மேல தேங்காப்பால்ல கரைச்ச சாக்லெட்டை ஊத்தினா முடிஞ்சுது. பாலு, நெய்யி, முட்டை எதுவும் கிடையாது. நாளைக்கு என்னைப் பொண்ணு பார்க்க வர்ற சிங்கப்பூர்க்காரரு அதெல்லாம் தொடமாட்டாராம்.”

அவன் மாவைப் பையில் அள்ளினான்.

“பேரு?”

“பரணிதரன்.”

“அவரு பேரைக் கேக்கல…”

“குந்தவை,” என்றாள், மாவுப்பையை வாங்கிக்கொண்டே.

அவள் போன பிறகுதான் அவனுக்குத் தும்மல் வந்தது. சற்றுமுன் அம்சவல்லி அக்காவின் மிளகாயை அரைத்திருந்தான். மிளகாய்க்குப் பிறகு கழிவரிசி போட்டு ஓட்டி மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டும். மறந்துவிட்டான். சிவப்பு மாவில் மிளகாய் கண்ணுக்கும் தெரியாது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘தின்னு பார்க்கட்டும் சிங்கப்பூரு…’

மறுநாள் மூட்டை இறக்கும்போதும் அதே நினைப்பு. அவள் தட்டை நீட்டுவாள்… சிங்கப்பூர்க்காரன் அந்தக் கண்ணைப் பார்ப்பான்… நெல் மூட்டையைத் தாங்கும் தோள், அந்தத் தட்டை நினைத்துக் கனத்தது. இருமப்போவது மாப்பிள்ளை. சரி. ஆனால் வசவு வாங்கப்போவது அவளாயிற்றே?

மெஷினைக் கழுவித் துடைத்து, புதிதாகச் சிவப்பரிசி அரைத்துக்கொண்டு வண்டியை விரட்டினான். குத்தாலத்தில் கார் நின்ற வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய பாடாக இல்லை. கொல்லைப்பக்கம் போனான். பட்டுப்புடவையோடு குந்தவை தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த மாவுல மிளகாய் கலந்திருச்சுங்க. என் தப்புதான். நேத்தே தெரியும்… பொறாமையில சொல்லாம விட்டுட்டேன்.”

“பிசையும்போதே விரல் எரிஞ்சுச்சு.”

“தெரிஞ்சுமா செஞ்சீங்க?”

“எரியட்டும்னுதான் செஞ்சேன். அவரு என்னடான்னா ரெண்டு துண்டு தின்னுட்டாரு. சாக்லெட்டுக்கு உறைப்பு பிரமாதமாம்.”

பரிதியின் முகம் செத்துப்போனது. “அப்ப… நல்லதுதான்.” பையை வைத்துவிட்டுத் திரும்பினான்.

“நில்லுங்க. எப்படி இந்த உறைப்புன்னு கேட்டாரு. மில்லுக்காரரு என்னையே பார்த்துக்கிட்டு மெஷினைத் துடைக்க மறந்துட்டாரு… நானும் அவரையே பார்த்துக்கிட்டு நின்னதுல கவனிக்கலைன்னு சொன்னேன்.” அவள் குரல் இறங்கியது. “மூணாவது துண்டைக் கீழ வச்சுட்டாரு.”

வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஓர் ஆணின் கத்தல்.

“அப்பாதான். அந்த மில்லுக்காரன் எவன்னு கேக்குறாரு…” இப்போதுதான் அவள் கண்ணைச் சிமிட்டினாள். “நான் என்ன சொல்லட்டும்?”

“நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நானே சொல்றேன்.”

பரிதி கொல்லைப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தான்.