முப்பத்தேழு டிகிரி அறை

மதியம் மூன்று மணிக்குச் சூட்டறைக்குள் போனேன். எங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் அறை. ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். எப்போதும் முப்பத்தேழு டிகிரி, அதாவது நம் உடம்புச் சூடு. நாங்கள் வளர்க்கும் கிருமி குளிரில் பரம சாது. அந்தச் சூடு பட்டால் போதும், நோயைக் கொண்டுவரும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். ஊசி போல ஒரு குழாயை முளைக்கவிட்டு நம் செல்லைக் குத்தும்.

போன மாதம் என் சீனியர் அக்காவை அப்படித்தான் கொன்றது.

கிருமித் தட்டுகளை அடுக்கும்போது போன் அடித்தது. கணவர். பத்து மாதக் குழந்தை பாலுக்கு அழுகிறதாம். கையுறையைக் கழற்றாமலே போனை எடுத்துக் காதில் வைத்தேன். எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. பிள்ளை அழும்போது யாருக்கு விதிமுறை ஞாபகம் வரும்?

"அரை மணியில வந்துடறேன்."

கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

அதற்குப் பூட்டே கிடையாது. உதைத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். போனில் சிக்னல் போய்விட்டது. மின்விசிறி நின்றது. வெதுவெதுப்பும் புளித்த வாடையும் மூக்கில் ஏற, எதன் வயிற்றுக்குள்ளோ மாட்டிக்கொண்டது போலிருந்தது.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கோட் போட்ட ஒரு உருவம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றது.

"யாருங்க? நகருங்க!"

அது இருமியது.

அந்த இருமலை மூன்று வாரம் வார்டில் கேட்டிருக்கிறேன்.

"அக்கா... பிள்ளை பசியில கெடக்குதுக்கா. விட்டுருங்க."

"வீட்டுக்குப் போகாதடி."

ஐந்து மணிக்குக் காவலாளி இழுத்ததும் கதவு சாதாரணமாகத் திறந்தது. "தொறந்துதானம்மா கெடக்கு?" என்றார். போனைக் குளோரின் வாளியில் போட்டேன். கையையும் காதையும் தோல் எரியத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கணவர் கதவைத் திறக்கவில்லை.

"நீதானே இப்ப போன் பண்ணின? நான் வந்தா உள்ள விடாதீங்கன்னு?" உள்ளேயிருந்து அவர் குரல் உடைந்தது. "உன் நம்பர்தான், உன் குரல்தான். ஆனா என்னைத் தம்பின்னு கூப்பிட்ட."

அவரை அப்படிக் கூப்பிட்டது அக்கா ஒருத்திதான்.

உள்ளே குழந்தை வீறிட்டது. எனக்குப் பால் கசிந்து சட்டை நனைந்தது.

போனை வைத்த காது இன்னும் எரிந்தது. நான் கதவைத் தட்டவில்லை.