முதல் வெற்றிலை

வெள்ளாற்றின் மேல் அந்தி மயங்கிக் கீழ்வானில் முழுமதி எழுந்த அந்த இனிய வேளையில், நெடுமணற்கோட்டையின் மேன்மாடத்தில் நின்ற தளபதி எயினன் மாறனின் மனத்தில் நிலவும் படவில்லை, நீரின் சலசலப்பும் படவில்லை. எப்படிப் படும், வாசகர்களே? உள்ளே விருந்துண்ணும் மன்னர் விசயாதரருக்கென வெள்ளித்தட்டில் மடித்து வைத்த இரண்டு வெற்றிலைச் சுருள்களிலும் நஞ்சு தடவியிருந்தது!

மென்று ஒரு நாழிகை கழித்தே கொல்லும் அந்த நஞ்சைத் தேடிக் கொணர்ந்தவன் அவன். சுருள் மடித்தவள் அவன் மனைவி சோமளாதேவி. "உங்கள் வாள் வென்ற நாட்டை இன்னும் எத்தனை நாள் இன்னொருவர் ஆள்வது?" என்று ஓராண்டாகக் கேட்டவள் அவள். அவளுக்காகவே இந்தப் பாவம் என்றுதான் அவன் தன் நெஞ்சுக்குச் சொல்லிவந்தான். மன்னரின் உணவையெல்லாம் மெய்க்காவலர் சுவைத்துப் பார்ப்பார்கள். விருந்தளிப்பவர் தரும் தாம்பூலத்தை மட்டும் சோதிப்பதில்லை. அது வீட்டாரை அவமதிப்பதாகும். அதை நம்பித்தான் இருவரும் துணிந்தார்கள்.

விருந்து முடிந்து மன்னர் மாடத்துக்கு வந்தார். தட்டை ஏந்தி நின்றாள் சோமளாதேவி.

"தளபதி, எங்கள் குல வழக்கம் நினைவிருக்கிறதல்லவா? முதல் வெற்றிலை வீட்டுத் தலைவிக்கு. தங்கையே, நீ மென்ற பிறகே நான் எடுப்பேன்!" என்று ஒரு சுருளை எடுத்து அன்புடன் நீட்டினார்.

எயினன் மாறன் திடுக்கிட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் பாசறையிலேயே மன்னருடன் உண்டவன் அவன். பெண்கள் இல்லாத அந்த இடத்தில் அந்த வழக்கத்துக்கு வேலையே இல்லை. அடியோடு மறந்து போயிருந்தான்!

சுருளை வாங்கிய சோமளாதேவி கணவனைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் அவள் பிழைப்பாள். அவன் தலை உருளும். சொல்லாவிட்டால் அவளுக்குப் பின் மன்னரும் மெல்லுவார், அரியணை காலியாகும். அவள் கண்கள் கெஞ்சின. அவன் ஆற்றைப் பார்த்தான்.

அவள் முகம் வெளுத்தது. ஆயினும் குரல் தெளிவாகவே வந்தது.

"அரசே, மன்னிக்க வேண்டும். நான் பிறந்த வீட்டில் கணவர் உண்ணாமல் மனைவி உண்பதில்லை. தாங்கள் அனுமதித்தால், முதலில் இவர்..."

"அழகான வழக்கம்! அப்படியே ஆகட்டும்!" என்று சிரித்தார் மன்னர்.

சுருள் அவன் உதட்டருகே வந்தது. "வாய் திறவுங்கள், சுவாமி" என்றாள். அவள் விரல்கள் சற்றும் நடுங்கவில்லை.

"வேண்டாம்! நஞ்சு! அதில் நஞ்சு இருக்கிறது!" என்று அலறிக்கொண்டு மன்னரின் காலடியில் விழுந்தான் எயினன் மாறன்.

காவலர்களின் வாள்கள் உருவப்பட்ட ஓசையைச் சோமளாதேவி கேட்கவில்லை. தன் உயிருக்காக அவன் வாயிலிருந்து வராத அந்தச் சொல், அவனுடைய உயிருக்காக எத்தனை விரைவாக வந்துவிட்டது என்பதையே எண்ணி அவள் அழுதுகொண்டிருந்தாள்.