முதலில் அம்மா தூங்கட்டும்

ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் பட்டு படுத்திருந்தாள். அம்மாவுக்குக் கோபம் வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் பெயர் பட்டுதான். அவள் தலை முழுக்க ஒயர்கள். ஒவ்வொன்றையும் பிசுபிசுப்பான பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார் பரிசோதனை அறை அக்கா.

“அக்கா, இதுல பாட்டு கேக்குமா?”

“பாட்டு கேக்காது. உன் மூளை பேசுறதுதான் கேக்கும். மூளைக்குள்ள ஒவ்வொரு இடமும் இன்னொரு இடத்தோட பேசிக்கிட்டே இருக்கும். உனக்கு வலிப்பு வரும்போது நிறைய இடம் சேர்ந்து ஒரே நேரத்துல கத்திடுது. முதல்ல யார் கத்துறாங்க, அவங்க யாரையெல்லாம் கூடக் கத்த வைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கணும்.”

“எங்க வகுப்பு மாதிரியா?”

“அப்படியே உங்க வகுப்புதான்! ஆனா நீ தூங்கினாதான் எனக்கு நல்லாத் தெரியும்.”

அங்கேதான் சிக்கல். போன தடவை பட்டு தூங்கவே இல்லை, சோதனை வீணாய்ப் போயிற்று. இன்றும் தூங்காவிட்டால் எந்த மருந்தை மாற்றுவதென்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? வலிப்பு அடங்கும் வரை சைக்கிளைத் தொடவே கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்.

தூக்கம் வரவேண்டும் என்று விடியும் முன்பே எழுப்பி, சீட்டு விளையாடி, அவளை விழிக்க வைத்திருந்தாள் அம்மா. இப்போது பட்டுவுக்குக் கண் சொக்கியது. அக்கா விளக்கைக் குறைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தார். பட்டு கண்ணை மூடினாள்.

“பட்டு, ஒண்ணும் செய்யலியே?” அம்மாவின் கை தோளைத் தொட்டது.

திரையில் கோடுகள் எகிறிக் குதித்தன.

“ஏங்க, தொடாதீங்க. கோடெல்லாம் ஆடுது,” என்றார் அக்கா.

கொஞ்ச நேரம் போயிற்று.

“பட்டு?”

“அம்மா!”

“சும்மாதாண்டி கேட்டேன்.”

பட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுவுக்கு வலிப்பு வந்ததெல்லாம் தூக்கத்தில்தான். அதனால் அவள் தூங்கும்போது அம்மா தூங்குவதே இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. பட்டுவுக்குப் பாவமாக இருந்தது. இந்த அம்மா விழித்திருக்கும் வரை தன்னால் தூங்க முடியாது என்பதும் புரிந்தது.

“அக்கா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத் தெரியுமா?”

“உடனே தெரியும். என் கண்ணு உன்மேலதான் இருக்கு.”

“கேட்டியாம்மா? இன்னிக்கு அக்கா பாத்துப்பாங்க. நீ நல்லாச் சாய்ஞ்சு கண்ணை மூடு. நான் கதை சொல்றேன்.”

“நல்லா இருக்கே! தூங்க வேண்டியது நீ!”

“மூடும்மா.”

அம்மா ஒரு கண்ணை மட்டும் மூடினாள். பட்டு முறைத்ததும் இன்னொன்றையும் மூடினாள்.

“என் தலைக்குள்ள ஒரு ஊர் இருக்கு. எல்லாரும் ஜன்னல் வழியாவே பேசிப்பாங்க. இப்ப அங்க ராத்திரி. ஆத்தங்கரை வீட்டுல விளக்கை அணைச்சுட்டு, ‘நாங்க படுக்கப்போறோம், நீங்க?’ன்னு எதிர்வீட்டைக் கேக்குறாங்க. அவங்களும் அணைக்கிறாங்க. குன்று மேல ஒரு வீடு மட்டும் கத்திக்கிட்டே இருக்கு...”

“ம்... அப்புறம்?” அம்மாவின் குரல் இழுத்தது.

“பக்கத்து வீட்டுப் பாப்பா எட்டிப் பாத்து, ‘மெதுவாப் பேசுங்க, எங்கம்மா தூங்கறாங்க’ன்னு சொல்லுது...”

பதிலுக்கு ஒரு குறட்டை வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மிச்சக் கதையைப் பட்டு மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். குன்று வீட்டிலும் விளக்கு அணைந்தது. ஆற்றில் நிலா மிதந்தது. ஒரு படகு சத்தமே இல்லாமல் ஜன்னல்களைத் தாண்டிப் போயிற்று. அதில் அவள்தான் படுத்திருந்தாள். திரையில் கோடுகள் ஆற்று அலைகளைப் போல மெல்ல ஏறி மெல்ல இறங்கின.

அவள் கண் விழித்தபோது அக்கா ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“கிடைச்சுதா அக்கா?”

“டாக்டருக்கு வேண்டியதெல்லாம் கிடைச்சுது. அருமையாத் தூங்கினே,” என்று கிசுகிசுத்தார் அக்கா. “அம்மாவை எழுப்பட்டுமா?”

வாயைத் திறந்தபடி, தலை ஒரு பக்கம் சாய, அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்டு கட்டிலை விட்டு மெதுவாக இறங்கித் தன் போர்வையை அவள்மேல் போர்த்தினாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் அக்கா. நான் பாத்துக்கறேன்.”