மத்தியானத்தில் வருகிறவர்

ஒலிப்பதிவில் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவன் காதில் மாட்டிய இயர்ஃபோனை இன்னும் அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டான். ஃபிரிட்ஜ் முனகல்கூட இல்லாத, துடைத்துவிட்ட மாதிரியான நிசப்தம். பிறகு அவள் குரல். "போங்க, சும்மா இருங்க." மறுபடி நிசப்தம், ஒருவர் பதில் சொல்லி முடிக்கிற நீளத்துக்கு. பிறகு அந்தச் சிரிப்பு, தொண்டைக்குள்ளேயே உருண்டு மூக்கு வழியாக வெளியே வருவது. கல்யாணமான புதிதில் அவன் கேட்டது. அதற்குப் பிறகு எப்போது கேட்டான் என்று யோசித்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை.

கணினிக்கு நிரல் எழுதுவது அவனுக்குத் தொழிலில்லை, பைத்தியம். அப்படிச் சில பைத்தியங்கள் அவனுக்கு உண்டு. ஒரு காலத்தில் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து சனிக்கிரகத்தைத் தேடினான். பிறகு ரொட்டி சுடக் கற்றுக்கொண்டான்; அது உப்பவே இல்லை. "இதை வெச்சு சுவர் கட்டலாங்க" என்றாள் மனைவி. அடுத்து பழைய கடிகாரங்களைப் பிரித்துப் போட்டான், பாதியைத் திரும்பப் பூட்டினான். இப்போது ஒலி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டிருந்த ஒரு நிரல் அவன் கண்ணில் பட்டது. பறவைகளின் குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்வதற்காக யாரோ எழுதியது. அதை எடுத்து வீட்டுச் சத்தங்களைக் கேட்கப் பழக்கினான். தான் செய்த மாற்றங்களையும் அதே இடத்தில் எல்லோருக்குமாகப் போட்டுவைத்தான். முகம் தெரியாத சிலர் எடுத்துப் பயன்படுத்தினார்கள். 'ஆந்தை' என்ற பெயரில் எழுதும் ஒருவர் மட்டும் வரிவரியாகப் படித்துத் தவறு கண்டுபிடிப்பார். ஆந்தை ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அந்த உலகத்தில் இல்லை.

இந்த முறை பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மனைவி படியில் தவறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்து, வெளியே மாவுக்கட்டு. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பாள். திரும்ப விழுந்தால்? அறைக்கு ஒரு மைக்கை மாட்டினான். விழுகிற சத்தமோ அலறலோ கேட்டால் அவன் கைபேசிக்குச் செய்தி வரும். நிரலுக்குப் புரியாத சத்தம் எதையாவது கேட்டால் அதை ஒரு துண்டாக வெட்டி அனுப்பும். அவளிடம் சொல்லித்தான் மாட்டினான். "என் குறட்டையையும் உலகத்துக்கு இலவசமா கொடுத்துடாதீங்க" என்றாள்.

அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் இது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். எதையோ தேடுகிற மாதிரி, முகத்தைப் பார்க்காமல்.

"மத்தியானம் யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

அவள் ஜன்னலோரம், வழக்கமான நாற்காலியில், காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"உங்ககிட்டதான்" என்றாள், புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

கிண்டல் என்று நினைத்துக்கொண்டான். சிரித்தும் வைத்தான். ஆனால் அன்று கணினி முன் உட்கார்ந்தபோது, விசைகளின் மேல் விரல் ஓடாமல் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு துண்டுகள் தினமும் வந்தன. எல்லாம் மத்தியானம். தெருவில் வண்டிச் சத்தம் அடங்கி, மாடிவீட்டுத் தொலைக்காட்சியும் ஓய்ந்து, வெயில் தரையில் தகடுபோலக் கிடக்கிற நேரம். அவள் குரல் மட்டும் கேட்கும். நிதானமாக, இழைந்து. அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். பிறக்காமல் போன குழந்தையைப் பற்றிப் பேசினாள். அவனிடம் பேசி ஆண்டுக்கணக்கான விஷயம் அது. நடுநடுவே அந்தத் துடைத்த நிசப்தம். ஒரு தடவை, "இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அங்கதான்" என்றாள். அவன் அன்று ஒரு நல்ல லென்ஸை விளிம்பு உடையத் தேய்த்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தொலைபேசியில் பேசுகிறாளோ என்று, தவறுதலாக எடுத்துவந்தது போல அவளுடைய கைபேசியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனான். அன்றும் துண்டு வந்தது. அப்படியானால் ஆள் வீட்டுக்குள் வருகிறான். யார்? கால் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்டின் மேல் சந்தேகம் விழுந்தது. நல்ல உயரம், சுருட்டை முடி, வாய் நிறைய வேடிக்கைப் பேச்சு. விசாரித்தால், அந்த ஆள் விஷக்காய்ச்சலில் மருத்துவமனையில் கிடக்கிறானாம். அவனுக்காகப் பரிதாபப்படக்கூடத் தோன்றவில்லை. ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. யாராக இருந்தாலும் நடந்துதானே வர வேண்டும்? கதவு திறந்துதானே ஆக வேண்டும்? பக்கத்து வீட்டுப் பூனை சுவரில் குதிப்பதையே சொல்லிவிடுகிற நிரல் அது. அவள் இருக்கும் அறையில் ஒரே ஒரு ஆள் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னது. நிரலில்தான் பிழை. அப்படி நினைப்பதில் கைவேலை செய்கிறவனின் ஆறுதல் இருந்தது. எல்லாக் கோப்புகளையும் ஆந்தைக்கு அனுப்பி, எங்கே தவறு என்று பார்க்கச் சொன்னான்.

அன்று சாயங்காலமே பொறுமை அறுந்தது.

"எவன் வரான்?"

"எங்க?"

"நடிக்காதே. மத்தியானம் எவன் வரான்?"

அவள் புத்தகத்தை மூடினாள். மைக்கை ஒரு முறை பார்த்தாள், பிறகு அவனை. "அப்ப ஒட்டுக் கேக்கத்தான் மாட்டினீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? நீங்கதானே வர்றீங்க. கடையில சாப்பாட்டு இடைவேளைன்னு வந்து, பின்னாடி நின்னு தோளைப் பிடிச்சு விட்டுட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போறீங்க. இப்ப வந்து எவன்னு கேக்குறீங்க!"

"என் முகத்தைப் பார்த்தியா?"

"ஏன், இத்தனை வருஷத்துல உங்க குரல் எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தா காலு இழுக்குது. திரும்பாதேன்னு நீங்கதானே சொல்றீங்க."

எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. கண்கூட நனையவில்லை. பிறகு நனைந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? சாயங்காலம் வர்ற ஆளுக்கு என்கிட்ட பேச ஒண்ணுமே இல்லை. நேரா கம்ப்யூட்டர். மத்தியானம் வர்ற ஆளே இங்க இருந்துட்டா தேவலை."

அவன் சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னான். பிறகு வேறு அறையில் போய்ப் படுத்தான்.

காலையில் அவள் எழுவதற்குள் கிளம்பினான். அவள் கைபேசி இன்னும் அவன் பையில்தான் இருந்தது. கொடுக்க வேண்டும் என்று வாசல்வரை நினைத்தான். பிறகு, தவிக்கட்டும் என்று போய்விட்டான்.

மத்தியானம் கடையில் ஆந்தையின் பதில் வந்தது.

"உங்க நிரல்ல பிழை இல்லை. காலி வீடுன்னு நீங்க எடுத்த பதிவுலதான் கோளாறு. அதுல யாரோ நடமாடுறாங்க. வீட்டைக் காலி பண்ணிட்டு மறுபடி எடுங்க."

பின்னறையில் மின்விளக்கு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. தேய்த்த கண்ணாடித் தூளின் ஈர வாசனை. அவன் அந்த வரிகளை மறுபடி படித்தான்.

இந்த நிரல் வேலை செய்கிற முறை அப்படி. முதலில் யாருமே இல்லாத வீட்டைப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜின் முனகல், குழாயின் சொட்டு, காற்றில் கதவு அசைவது. இதெல்லாம் 'யாருமில்லை' என்று நிரல் கற்றுக்கொள்ளும். அதன்பின் அந்த ஒலிகள் எப்போது வந்தாலும் அவற்றைத் துடைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். அவன் அதை எடுத்தது மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது. வீட்டைப் பூட்டிவிட்டு மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் கிடந்தான். திரும்பி வந்ததும் பதிவை அப்படியே நிரலுக்கு ஊட்டினான். ஒரு முறைகூடக் கேட்கவில்லை. யாருமில்லாத வீட்டை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

இப்போது கேட்டான்.

ஃபிரிட்ஜ். குழாய். தூரத்தில் நாய். அவற்றுக்கு அடியில், அவசரமே இல்லாமல், வெறுங்கால் ஒன்று தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம். சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு. படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு. நின்று நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகிற நடை. கூடவே ஒரு முணுமுணுப்பு. பேச்சில்லை. நாக்கை வாய்க்குள் புரட்டிப் பார்ப்பது போன்ற, உலர்ந்த, பொறுமையான ஒலி. பிறகு நடை மைக்குக்கு நேர் கீழே வந்து நின்றது. மூச்சு விட்டது.

அவர்கள் மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முன்பே அது வீட்டுக்குள் இருந்திருக்கிறது. அதை 'யாருமில்லை' என்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான்.

துடைக்கும் பகுதியை அணைத்துவிட்டு மனைவியின் பழைய துண்டுகளைத் திறந்தான். நிசப்தம் இருந்த இடங்களெல்லாம் நிரம்பியிருந்தன. முதல் துண்டுகளில் அந்த முணுமுணுப்புதான், ஆனால் அவன் பேசுகிற தாளத்தில். அவள் அதற்கு, "என்ன தொண்டை கட்டிருக்கா?" என்று கேட்டிருந்தாள். அடுத்ததில் ஒரு சொல் கேட்டது. இன்னும் அடுத்ததில் ஒரு வாக்கியம், அவன் முந்தின சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது சொன்ன அதே வாக்கியம், அதே அலுப்போடு. நாளாக நாளாக அலுப்பு குறைந்தது. கடைசித் துண்டில் அவனுடைய குரல் அவனைவிட நன்றாக இருந்தது.

"காலு வலிக்குதா கண்ணு?" என்றது.

வெட்கக்கேடு என்னவென்றால், அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை. 'கண்ணு' என்பது அவன் எப்போதோ சொல்வதை நிறுத்திவிட்ட சொல். அதை எடுத்து வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள். அவளும் அதற்குச் சிரிக்கிறாள்.  அந்தப் பொறாமைக்கு அடியிலிருந்துதான் பயம் மெல்ல எழுந்தது.

வீட்டு மைக்கை நேரடியாகத் திறந்தான். துடைக்காமல்.

"வந்துட்டீங்களா?" அவள் குரல். அழுது ஓய்ந்த குரல். "நேத்து அப்படிப் பேசிட்டுப் போயிட்டீங்களே."

"தப்புதான்." அவன் குரல். "இனிமே போகமாட்டேன். வீட்டோடவே இருக்கேன்."

"நிஜமா?"

"நிஜமா. கதவைத் தாழ் போட்டுட்டு வா. யார் வந்து கூப்பிட்டாலும் திறக்காதே."

ஊன்றுகோல் தரையில் தட்டிக்கொண்டு போவது கேட்டது. தாழ் விழுவது கேட்டது.

அவளை அழைக்கக் கைபேசியில் அவள் எண்ணை அழுத்தினான். அவன் பைக்குள்ளேயே மணி அடித்தது.

ஓடினான். முதலாளி பின்னாலிருந்து ஏதோ கத்தினார். தெரு முழுக்க வெயில். யாரோ ஒருவர் மேல் மோதினான். மன்னிப்புக் கேட்கவில்லை.  தெருமுனை. வீடு. படி. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. கொடியில் அவன் சட்டைகூடக் காய்ந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. தட்டினான்.

உள்ளே பேச்சு நின்றது.

"யாரு?" என்றாள்.

"நான்தான். கதவைத் திற."

 பிறகு அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். அவனிடம் இல்லை.

"ஏங்க, யாரோ உங்க குரல்லயே பேசுறாங்க."

"திற! சொல்றதைக் கேளு, வெளியே வா! திற!"

கத்தக் கத்த அவன் குரல் உடைந்தது. கரகரத்தது. அவனுக்கே அது தன் குரலாகக் கேட்கவில்லை. கையால் இடித்தான், தோளால் இடித்தான். பழைய மரம், கனமான தாழ். ஜன்னலுக்கு ஓடினான். கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

திரைச்சீலை ஒரு விரலளவு விலகியது. அவள் முகம். பைத்தியம் பிடித்த அன்னியன் ஒருவன் வாசலில் நின்றால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் பின்வாங்கினாள்.

அவளுக்குப் பின்னால் இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு கை இறங்கியது. மேலிருந்து. கூரையை ஒட்டியிருந்த இடத்திலிருந்து, மெதுவாக, முழங்கை வந்து, அதற்குப் பிறகும் கை வந்துகொண்டே இருந்து, அவள் தோளில் படிந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்களை அவன் மேலேயே வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அந்தக் கையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவள் முகத்திலிருந்த பயம் மெல்லத் தணிந்தது.