ஞாயிற்றுக்கிழமை செத்த சந்தா

திங்கட்கிழமை, காலை 9.05. பல் மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் சடலம் கண்டெடுக்கப்பட்டது. இறந்தது ஒரு மென்பொருள் சந்தா. திரையில் ஒரே வரி: "உங்கள் சந்தா நேற்று மாலை ரத்து செய்யப்பட்டது." நோயாளிகளின் எக்ஸ்ரே, முன்பதிவு எல்லாம் அதற்குள்தான். எல்லாவற்றுக்கும் பூட்டு.

பெரிய டாக்டர் முதலில் தீர்ப்பைச் சொன்னார். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை.

"பில் கட்டுறது யாரு? ரிசப்ஷன்! என்னை விட்டா பாஸ்வேர்டு தெரிஞ்சது யாருக்கு? ரிசப்ஷனுக்கு! சம்பளம் ஏத்தலைன்னு முகத்தைத் தூக்கி வச்சிருந்தது யாரு?"

"நான்தான். இப்பவும் தூக்கித்தான் வச்சிருக்கேன்" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"மன்னிப்புக் கடிதம் டைப் அடிச்சாச்சு. கையெழுத்துப் போடு. இல்லன்னா வேலை கிடையாது."

"செய்யாத தப்புக்குப் பேனாவைத் தொட மாட்டேன்."

சிகிச்சை நாற்காலியிலிருந்து ஒரு முனகல். வீங்கிய கன்னத்தோடு அதில் சாய்ந்திருந்தவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். எந்தப் பல்லைப் பிடுங்குவது என்ற ரகசியம் பூட்டிய எக்ஸ்ரேக்குள் இருந்ததால், இந்த வழக்கில் அவருக்குச் சொந்த அக்கறை உண்டு.

"நாற்காலி சௌகரியமா இருக்கா சார்?" டாக்டர் குழைந்தார். "பாதி விலைக்கு வாங்கினேன். வேண்டாம்னு சொல்லிட்டு நாலு அடி நடந்தேன். கடைக்காரன் பின்னாடியே ஓடி வந்தான்! நமக்கு அது கைவந்த கலை."

இன்ஸ்பெக்டர் வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். பேசினால் வலி. ஆகவே சொற்களில் சிக்கனம்.

"ரத்து பண்ண பாஸ்வேர்டு போதுமா?"

"போதாது சார்" என்றாள் அவள். "டாக்டர் ஃபோனுக்கு ஓடிபி வரும்."

"ஃபோன் நேத்து யார்கிட்ட?"

"என் ஃபோனை என் சம்சாரம்கூடத் தொட முடியாது!" டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "இவ ஹேக் பண்ணியிருக்கா!"

"ரத்தானதுக்கு மெயில் வந்திருக்கா? படிம்மா."

அவள் படித்தாள்: "உங்களைப் பிரிவதில் வருத்தம். நீங்கள் தேர்ந்தெடுத்த காரணம், விலை கட்டுப்படியாகவில்லை."

"விலை ஏறிச்சா?"

"போன மாசம் ஏத்தினாங்க சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் கட்டிய துணியோடும் மனிதர் கம்பீரமாகத்தான் இருந்தார்.

"டாக்டர், பழி வாங்க வந்தவ விலை கட்டுப்படியாகலைன்னு காரணம் சொல்வாளா? அது பேரம் பேசறவர் பேச்சு. ஓடிபி உங்க கைக்குத்தான் வரும், ஃபோனையும் யாரும் தொடலை. ரத்துன்னு அழுத்தினா 'போகாதீங்க, பாதி விலைக்குத் தர்றோம்'னு கெஞ்சுவாங்கன்னு நினைச்சீங்க. நாலு அடி நடந்தீங்க. ஓடி வர கம்ப்யூட்டருக்குக் கால் இல்ல."

டாக்டரின் வாய் அவருடைய நோயாளிகளின் வாய் போலத் திறந்தே நின்றது. "தள்ளுபடி நிச்சயம்னு மச்சான்தான் சொன்னான்..."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, ஆனது ஆச்சு. உடனே பணத்தைக் கட்டி அதைத் திற."

அவள் கைப்பையை எடுத்து மாட்டினாள். "எனக்கும் கட்டுப்படியாகல டாக்டர்."

வாசலை நோக்கி நடந்தாள். நாலாவது அடியில் டாக்டர் ஓடி வந்தார்.

"நில்லும்மா! அதைத் திறக்க எனக்குத் தெரியாது! சம்பளத்தைப் பேசிக்கலாம்!"

"பேச ஒண்ணுமில்ல. கேட்டதைக் கொடுங்க. அப்புறம் அந்தக் கடிதத்துல என் பேரை அடிச்சிட்டு உங்க பேரைப் போடுங்க. வெளிய உக்காந்திருக்கறவங்க முன்னால வாசிக்கணும்."

"கொஞ்சம் குறைச்சுக்கிட்டு..."

அவள் கதவைத் திறந்தாள்.

"குறைக்க மாட்டாங்க டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்தபடி. "சீக்கிரம் வாசிங்க. உயிர் போகுது."

டாக்டர் கடிதத்தோடு வெளியே வந்து வாசிக்கத் தொடங்கினார்.

"கேக்கல" என்றாள் அவள். "இன்னும் சத்தமா."