மரத்தில் தொங்கிய வாளி

எங்கள் தீவில் காற்று அதிகம், மரம் குறைவு. செர்ரி மரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது ஹோல்கர் வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. மே மாதம் வந்தால் வெள்ளை வெளேரென்று பூத்துத் தள்ளும். ஆனால் இரண்டு வருடமாக ஒரு பழம்கூடப் பழுக்கவில்லை.

"என்ன ஹோல்கர், பூக்கடை போடப் போறியா?" என்று படகுத்துறையில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஹோல்கருக்கு மூக்கின் மேல் கோபம். அன்று காலை சாப்பாட்டு மேசையில் முடிவைச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷமும் காய்க்கலேன்னா வெட்டிட வேண்டியதுதான். செர்ரிக் கட்டையில அலமாரி செஞ்சா பளபளன்னு இருக்கும்னு தச்சர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

மாரென் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். மாரென் அவருடைய மகள், பத்து வயது. அந்த மரத்தின் கிளையில் உட்கார்ந்துதான் அவள் கதைப் புத்தகம் படிப்பாள். அந்த மரம் என்றால் அவளுக்கு உயிர்.

"மரம் பாவம்ப்பா!"

"பாவம் பார்த்தா ஆச்சா? போன கிறிஸ்துமஸுக்கு அரிசிப் பாயசத்து மேல ஊத்த, கடையில போய் புட்டியில செர்ரிச் சாறு வாங்கினோம். நான்! செர்ரி மரம் வெச்சிருக்கிற நான்!"

அம்மா சிரிப்பை காபிக் கோப்பைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மாரென் ஓடிப்போய் மரத்தில் ஏறினாள். மொட்டுகள் வெடிக்கக் காத்திருந்தன. மரத்துக்கு நோய் இல்லை, நொடி இல்லை. பிறகு ஏன் காய்க்கவில்லை? எப்போதிலிருந்து காய்க்கவில்லை?

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கே ஓர் அடிமரம் மட்டும் தரையோடு தெரிந்தது. பக்கத்து வீட்டு யூட்டெ அத்தையின் மஞ்சள் செர்ரி மரம். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் புயலில் சாய்ந்துவிட்டது.

"அப்பா!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். "அத்தை மரம் சாஞ்சதுக்கு அப்புறம்தான் நம்ம மரம் காய்க்கல! செர்ரிப் பூ தன்னோட மகரந்தத்தையே ஏத்துக்காதுன்னு டீச்சர் சொன்னாங்க. வேற ஜாதி மரத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டு வரணுமாம்."

"அந்த மஞ்சள் மரத்தாலயா என் மரம் காய்ச்சது? போடி!"

"அப்போ ஏன் காய்க்கல?"

ஹோல்கர் தாடையைச் சொறிந்தார். "சரி, படகுல போய் என் தங்கை வீட்டிலிருந்து பூங்கிளை வெட்டிட்டு வருவோம். தண்ணி வாளியில போட்டு மரத்துல தொங்கவிட்டா தேனீ பார்த்துக்கும். நல்ல சிவப்புப் பழம், நம்ம ஜாதியே."

"அது நம்ம மரத்துக் கிளையை வெட்டி ஒட்டுப் போட்டதுதானேப்பா? பேருக்குத்தான் வேற மரம். உண்மையில இதே மரம்தான். அதோட பூவும் உதவாது."

ஹோல்கர் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அக்கரையில் யூட்டெயின் அக்கா வீட்டில் அந்த மஞ்சள் மரத்தின் ஒட்டு ஒன்று நிற்பது இருவருக்கும் தெரியும். ஆனால் ஹோல்கர் யூட்டெயோடு பேசி மூன்று வருடமாகிறது.

"நான் போய்க் கேக்க மாட்டேன்" என்றார்.

மாரென் போனாள்.

யூட்டெ அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் கடுகடுவென்றாகிவிட்டது.

"என் மரம் விழுந்த அன்னிக்கு உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'போனா போகட்டும், காய்ச்சல்காரி மூஞ்சி மாதிரி வெளிறிப் போன பழம்தானே'ன்னார். நான் அழுதுகிட்டு நிக்கிறேன், ஊரே சிரிக்குது."

மாரெனுக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காகப் பரிந்து பேச மனம் வரவில்லை.

"ரொம்பத் தப்பு அத்தை. அன்னிக்கு நானும் அழுதேன். எங்க சிவப்புப் பழத்தை எல்லாம் பறவை கொத்திடும். உங்க மஞ்சள் பழத்தைக் காய்ன்னு நெனச்சு விட்டுடும். நீங்க வேலி மேல கை நீட்டி எனக்குத் தருவீங்களே. எனக்கு அதுதான் பிடிக்கும். அப்பாகிட்ட சொன்னதில்ல."

யூட்டெ அத்தை கைக்குட்டையை அவளிடம் நீட்டினாள். பிறகு கதவை முழுசாகத் திறந்தாள்.

"உள்ள வா. அக்காவுக்குப் போன் போடறேன். ஆனா ஒண்ணு, வாளியைப் படகுத்துறையில வந்து வாங்கறது உங்கப்பாவாத்தான் இருக்கணும்."

அதை அப்பாவிடம் சொல்வதற்குள் மாரெனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. "துறையில ஊரே நிக்குமே!" என்று ஹோல்கர் தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கியிருந்தன. மாரென் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

"தொப்பியைக் கொண்டா" என்றார்.

மத்தியானப் படகில் வாளி வந்தது, நிறையப் பூங்கிளைகளோடு. "என்ன ஹோல்கர், இருக்கிற பூ போதாதா?" என்று படகோட்டி கேட்டார். ஹோல்கரின் காது சிவந்தது. அவர் கூட்டத்தைத் தாண்டி யூட்டெயின் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"அன்னிக்கு நான் சொன்னது ரொம்ப மட்டமான பேச்சு. மன்னிச்சுக்கோ, யூட்டெ."

"வாளியைப் பார்த்துத் தூக்கு, தண்ணி சிந்துது" என்றாள் யூட்டெ.

ஏணி போட்டு மரத்தின் நடுவில் வாளியைக் கட்டினார்கள். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாளும் மழை. தேனீக்கள் கூட்டை விட்டு வெளியே வரவே இல்லை. மாரென் ஜன்னலிலேயே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு காலை வெயில் அடித்தது. குண்டு குண்டாக வண்டுகள் வந்தன, பின்னாலேயே தேனீக்களும். வாளிப் பூவுக்கும் மரத்துப் பூவுக்குமாக அவை ரீங்காரம் போட்டுக்கொண்டு அலைந்தன.

பூ உதிர்ந்தது. காம்பு உதிரவில்லை. ஒவ்வொரு காம்பு நுனியிலும் பட்டாணி போல ஒரு பச்சைக் காய் இருந்தது. மாரென் போட்ட கூச்சலில் யூட்டெ அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

ஜூலையில் கிளைகள் தாழ்ந்து தொங்கின. தச்சர் வந்து பார்த்துவிட்டு, ஒரு கை பழத்தைத் தின்றுவிட்டு அலமாரிப் பேச்சே எடுக்காமல் போனார்.

இலையுதிர் காலத்தில் யூட்டெயின் அக்கா ஒரு மஞ்சள் செர்ரி ஒட்டுக்கன்றை அனுப்பினாள். ஹோல்கர் மண்வெட்டியோடு வந்தார்.

"எங்க தோண்டறது? உன் பக்கமா, என் பக்கமா?"

யூட்டெயும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அவரவர் பக்கம் வேண்டும் என்றுதான் ஆசை. அது முகத்திலேயே தெரிந்தது.

மாரென் வேலியின் நடுவில் போய் நின்றாள். "இங்க" என்றாள்.

வேலியில் நான்கு முழம் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. கன்று சின்னது, வழி பெரியது. அன்று மாலை யூட்டெ அத்தை வாசலைச் சுற்றி வராமல், கையில் சூடான கேக்கோடு அந்த வழியாகவே நேரே உள்ளே வந்தாள்.